பரணில் கிடக்கும் தொட்டில் ஸ்பிரிங்கை மறுபடி மாட்டலாமா?

பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தை வீட்டுக்கு வரப்போகிறது என்றதும் யாராவது ஒருவர் பரணில் ஏறுவார். பழைய பருத்திப் புடவை, தொட்டில் கட்டை, கூடவே ஓர் இரும்பு ஸ்பிரிங் கீழே வரும். “பெரியவனுக்கு வாங்கினது. அத்தை பொண்ணுக்குப் போய்த் திரும்பி வந்தது. நல்லாத்தானே இருக்கு!” என்று ஒரு துணியால் துடைத்து, உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள்.

நல்லாத்தான் இருக்கிறதா? கண்ணால் பார்த்தால் மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த ஸ்பிரிங் இதுவரை என்ன வேலை பார்த்திருக்கிறது, இனி எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிளஸ் ஒன் இயற்பியலில் ‘மீட்சி நிலையாற்றல்’ என்று படித்துவிட்டுத் தேர்வோடு மறந்த அதே பாடம்தான். இந்த வாரம் அதைத் தூளியில் கட்டிப் பார்ப்போம்.

ஊஞ்சல் வேறு, தூளி வேறு

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஊஞ்சலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம்பெருமாளுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கும் ஊர். பழைய வீடுகளின் கூடத்தில் இன்றும் பலகை ஊஞ்சல் தொங்குகிறது. அதில் தாத்தா உட்கார்ந்தாலும், பேத்தி உட்கார்ந்தாலும் ஒரு முறை போய் வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். ஊஞ்சலின் தாளத்தைத் தீர்மானிப்பது சங்கிலியின் நீளம். உட்கார்ந்தவரின் எடைக்கு அதில் பங்கில்லை. பலகை மேலே ஏறும்போது உயரத்தில் ஆற்றல் சேர்கிறது; இறங்கும்போது வேகமாக மாறுகிறது.

ஸ்பிரிங் தூளி அப்படியில்லை. அதன் தாளம் குழந்தையின் எடையைப் பொறுத்தது. பிறந்த புதிதில் சுறுசுறுப்பாகக் குதிக்கும் தூளி, ஆறு மாதத்தில் மெதுவாக, ஆழமாக ஆடும். ஸ்பிரிங் பழசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், குழந்தை வளர்ந்திருக்கிறது. இங்கே ஆற்றல் முக்கியமாகச் சேர்வது கம்பியின் நீட்டத்தில். அந்த நீட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஊஞ்சலுக்கும் தூளிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான்.

இழுத்தால் எவ்வளவு சேரும்?

ஸ்பிரிங்கை எவ்வளவு நீட்டுகிறோமோ, அது அதே விகிதத்தில் திருப்பி இழுக்கும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்ததும் வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து, 1678-ல்தான் விடையைச் சொன்னார்.

நம் தூளிக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க, குழந்தையும் புடவையும் கட்டையும் சேர்த்து 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாட்டியதும் ஸ்பிரிங் 25 செ.மீ. நீள்கிறது. 5 கிலோவைப் பூமி இழுக்கும் விசை சுமார் 50 நியூட்டன். அப்படியானால், இந்த ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட 200 நியூட்டன் வேண்டும். இந்த 200-ஐத்தான் பாடப் புத்தகம் ‘சுருள் மாறிலி’ என்கிறது.

சேர்ந்த ஆற்றல் எவ்வளவு? நீட்டத் தொடங்கும்போது ஸ்பிரிங் எதிர்ப்பதே இல்லை. கடைசியில் 50 நியூட்டன் எதிர்க்கிறது. சராசரி 25. அதை 0.25 மீட்டரால் பெருக்கினால் 6.25 ஜூல். சூத்திரத்தில் ஒரு ‘பாதி’ வருகிறதே, அது இந்தச் சராசரியிலிருந்து வந்ததுதான்.

இனி கவனியுங்கள். குழந்தை வளர்ந்து மொத்த எடை 10 கிலோ ஆகிறது. நீட்டம் 50 செ.மீ. விசை 100 நியூட்டன். சேர்ந்திருக்கும் ஆற்றல் 12.5 ஜூல் அல்ல, 25 ஜூல்! எடை இரண்டு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. ‘நானும் தம்பியோட ஆடுவேன்’ என்று நான்கு வயது அக்கா ஏறிக்கொண்டு மொத்தம் 20 கிலோ ஆனால், எடை நான்கு மடங்கு, ஆற்றல் 16 மடங்கு. 100 ஜூல். அதற்கு ஸ்பிரிங் ஒரு மீட்டர் நீள வேண்டும். தொட்டில் ஸ்பிரிங்கை அதற்காகச் செய்யவில்லை.

கையைச் சட்டென்று எடுத்தால்?

இந்தக் கணக்கில் ஒரு புதிர் இருக்கிறது. 5 கிலோ 25 செ.மீ. கீழே இறங்கியபோது பூமியின் ஈர்ப்பு செய்த வேலை 50 × 0.25 = 12.5 ஜூல். ஸ்பிரிங்கில் சேர்ந்ததோ 6.25 ஜூல். மீதிப் பாதி எங்கே போனது?

உங்கள் கைக்குப் போனது. குழந்தையைத் தூளியில் விட்டு மெதுவாகக் கையை இறக்கும்போது, கடைசி வரை உங்கள் கை கொஞ்சம் தாங்கிக்கொண்டே வருகிறது. அந்தத் தாங்கலில்தான் மீதி 6.25 ஜூல் கழிகிறது.

கையைச் சட்டென்று எடுத்துவிட்டால் தாங்க ஆளில்லை. தூளி 25 செ.மீ.யில் நிற்காது. வந்த வேகத்தில் தாண்டி, 50 செ.மீ. வரை இறங்கும். அந்த இடத்தில் ஈர்ப்பு கொடுத்தது 25 ஜூல். ஸ்பிரிங்கில் இருப்பதும் 25 ஜூல். அடிமட்டத்தில் ஒரு கணம் ஸ்பிரிங்கும் கொக்கியும் உணர்வது 100 நியூட்டன். அதாவது 5 கிலோ குழந்தைத் தூளி, அந்தக் கணத்தில் 10 கிலோவாகத் தொங்குகிறது. பிறகு அதே வேகத்தில் மேலே தூக்கிப் போடும்.

‘மெதுவா விடுடி’ என்று பாட்டி சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்தக் குலுக்கல் நல்லதே இல்லை. அழுகை நிற்கவில்லை என்ற எரிச்சலில் தூளியை இழுத்து இழுத்து விடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

பொன்மலையில் என்ன செய்கிறார்கள்?

ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்தால் ஆடும். ஆட்டத்தை நிறுத்த யாராவது அந்த ஆற்றலைச் சாப்பிட வேண்டும். திருச்சியில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, பாலத்தின் இணைப்புகளில் ‘டக் டக்’ என்று ஏறி இறங்குவோம். பஸ்ஸின் அடியில் இருக்கும் கமான் பட்டைகள் அந்த அடியை வாங்கி வளைகின்றன. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடும். ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

சுருள் ஸ்பிரிங்கில் அந்த உரசல் இல்லை. அதனால்தான் பைக்கில் ஸ்பிரிங்குடன் ஷாக் அப்சார்பரும் சேர்ந்திருக்கிறது. அதற்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி, ஆற்றலை வெப்பமாக்குகிறது. உங்கள் வண்டி சீட்டை ஓங்கி அழுத்திவிட்டுப் பாருங்கள். ஓரிரு ஆட்டத்தில் அடங்கினால் சரி. குதித்துக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ரயில் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களில் திருச்சி பொன்மலைக்கு வந்தது. இப்படிப்பட்ட பணிமனைகளில் பெட்டிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றிப் பிரித்துச் சோதிப்பார்கள். சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்குகளை அப்படியே திருப்பி மாட்டிவிடுவதில்லை. துரு, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இயந்திரத்தில் வைத்துக் குறிப்பிட்ட எடையை ஏற்றி, எவ்வளவு உயரத்துக்கு அமுங்குகிறது என்று அளப்பார்கள். ஒரே அளவு அமுங்குபவற்றை ஒரு குழுவாகப் பிரித்துச் சேர்த்துப் போடுவார்கள். அளவுக்கு ஒத்துவராதது கழிவுக் குவியலுக்குப் போகும்.

ரயில் பெட்டிக்கு இவ்வளவு சோதனை. தொட்டில் ஸ்பிரிங்குக்கு நாம் செய்வது ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

ஆற்றல் கம்பிக்குள் எங்கே இருக்கிறது?

ஸ்பிரிங் நீளும்போது கம்பி அவ்வளவாக நீள்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. உள்ளே இரும்பு அணுக்கள் தங்கள் இடத்திலிருந்து மிகக் கொஞ்சம் விலகுகின்றன. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே இருக்கும் பிணைப்பும் குட்டி ஸ்பிரிங் போலத்தான் நடந்துகொள்கிறது. நாம் போட்ட 6.25 ஜூலும் அந்தக் கோடானுகோடி பிணைப்புகளில் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அணுக்கள் ஸ்பிரிங்கில் கட்டியது போல ஆடுகின்றன என்பதை ஒளியை வைத்துப் படிக்க வழி காட்டியவர் நம் ஊரில் பிறந்தவர். 1888 நவம்பர் 7-ல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன். கல்கத்தாவில் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வின் முடிவு 1928 பிப்ரவரி 28-ல் வெளிப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு. பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

ஒரு நிற ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் இருக்கும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். ஒளி தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறின் ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வருவதால் அந்த மாற்றம். எவ்வளவு கொடுத்தது என்று பார்த்தால், உள்ளே இருக்கும் ‘ஸ்பிரிங்’ எவ்வளவு விறைப்பு, அதில் தொங்கும் அணு எவ்வளவு எடை என்று தெரிந்துவிடும். ஒரு வித்தியாசம்: தூளி எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் வாங்கும். மூலக்கூறு மலைக்கோட்டைப் படி போல; ஒரு படி ஏறலாம், அரைப்படியில் நிற்க முடியாது.

கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜன் ஒரு நொடியில் சுமார் 90 லட்சம் கோடி முறை ஆடுகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிட இரண்டு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்தால் ஆட்டம் மெதுவாகிறது. எடை கூடிய குழந்தையின் தூளி மெதுவாவது போலவே! இன்று மருந்து மூலப்பொருளை உறையைப் பிரிக்காமலே அடையாளம் காண ராமன் முறைக் கருவிகள் பயன்படுகின்றன.

இரும்பு ஸ்பிரிங்கைச் சோதிக்க அந்தக் கருவி வேண்டாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எல்லைக்குள் இழுத்தால் அணுக்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். எல்லை தாண்டினால் அணு அடுக்குகள் நழுவும். ஸ்பிரிங் பழைய நீளத்துக்கு வராது. எல்லைக்குள்ளேயே இருந்தாலும், திரும்பத் திரும்ப ஆடினால் துருப்பிடித்த பள்ளத்திலோ கொக்கி வளைவிலோ மயிரிழை விரிசல் தொடங்கலாம்.

எத்தனை முறை ஆடியிருக்கும்? 25 செ.மீ. நீளும் தூளி ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் 7,200 ஆட்டம். ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 13 லட்சம். இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்த ஸ்பிரிங் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, மாட்டலாமா?

பரணிலிருந்து எடுத்ததும் இவற்றைப் பாருங்கள்.

* எடை இல்லாமல் தொங்கவிடுங்கள். இழுவை ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாக இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால், அது ஏற்கெனவே எல்லை தாண்டிய ஸ்பிரிங். தூக்கிப் போடுங்கள்.

* இரண்டு முனைக் கொக்கிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வாய் விரிந்திருந்தாலோ, துருப் பள்ளம், கீறல் இருந்தாலோ வேண்டாம்.

* 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு நீட்டத்தை அளந்து, எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். குழந்தை வளர வளர, அதன் எடைக்கு மேல் எடை வைத்து மறுபடி சோதியுங்கள்.

* ஸ்பிரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு கெட்டியான கயிறு கட்டுங்கள். மேல்முனை உத்தரத்தில் வேறு கொக்கியில், கீழ்முனை நேராகத் தொட்டில் கட்டையில். வழக்கமாக நீளும் அளவைவிட நான்கு விரற்கடை மட்டும் தளர்வு போதும். ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி நான்கு விரற்கடைக்கு மேல் விழாது. அக்கா ஏறிக்கொண்டாலும் ஸ்பிரிங் எல்லை தாண்டாது.

* ஸ்பிரிங்குக்குத் துணி உறை போடுங்கள். விரலும் முடியும் சுருளுக்குள் சிக்காது.

* தூளியைத் தரைக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டுங்கள். அடியில் மெத்தை விரியுங்கள்.

இன்னொன்று. குழந்தை நெடுநேரம் தூங்க, தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தூளி தாலாட்டுக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால், பெரியகடை வீதிப் பக்கம் போகும்போது புது ஸ்பிரிங் ஒன்று வாங்கிவிடுங்கள். பழையதைப் பரணுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த குழந்தைக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.