கடல் கடந்து வரும் வெங்காயமும் கொல்லையில் விளையும் கீரையும்

இன்று அடுப்பில் கொதிக்கும் சாம்பாரைச் சற்று எட்டிப் பாருங்கள். பருப்பு கப்பலில் வந்தது. வெங்காயமும் மிளகாய் வற்றலும் அப்படியே. முருங்கைக்காய் ஒன்றுதான் லயத்துக் கொல்லையில் காய்த்தது!

2023 ஜூலையில் இந்தியா, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்நாட்டு அரிசியோ கடைகளில் கண்ணில் படவே இல்லை. டிசம்பரில் வெங்காயமும் நின்றது. இந்தியாவை ஏசிப் பயனில்லை. 2022 ஜூனில் சிங்கப்பூருக்குக் கோழி அனுப்புவதை நிறுத்தியவர்கள் நாம்தானே? தன் பிள்ளைக்குப் போதாதபோது யார்தான் அடுத்த வீட்டுக்கு அள்ளிக் கொடுப்பார்?

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே விளைவிக்கலாமே என்பீர்கள். கெடாவில் மூடா நீர்ப்பாசனம் வந்து இருபோகம் விளைந்தும், நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வருகிறது. நம்மூர்க் கோழிகூட நம்மூர்த் தீனி தின்பதில்லை. அதன் சோளமும் சோயாவும் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கு.

ஜப்பான்காரன் காலத்தில் பர்மா, சயாம் அரிசி வரத்துக் குறைந்து, தோட்டத்து மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் காத்தார்கள். கிழங்கு பசியை ஆற்றியது, சத்தைத் தரவில்லை. கால் வீங்கி மடிந்தோர் பலர். பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே அரிசி, பருப்பு, வெங்காயம் போன்று மூட்டையில் தாங்குபவற்றை வாங்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாட்டை நம்பியல்ல. இருக்கிற வயலை வீட்டுமனையாக்குவதும் கூடாது. இரண்டு நாளில் வாடிப்போகும் கீரை, பச்சை மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்குக் கடைத்தெருவுக்கு ஓடுவானேன்? 1974இல் துன் ரசாக் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டம் சொன்னதும் இதைத்தான். அரிசி விலையை நம் கொல்லை இறக்காது. கறிகாய்க்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவே.

கங்கோங் போட்டால் ஒரு மாதத்தில் அறுக்கலாம். மானேஜரிடம் கேட்டுவிட்டு இடம் பிடியுங்கள். களைக்கொல்லி மருந்தடிக்கும் செம்பனை நிரை ஓரம் மட்டும் வேண்டாம். இடமில்லாத அடுக்குமாடிக்காரர்கள் பழைய பெயிண்ட் வாளியைப் பயன்படுத்துவதாயிருந்தால், அதில் கீரை போடாதீர்கள். எண்ணெய் டின்னே போதும், அடியில் நாலு துளை போட மறவாதீர்கள்.