பத்து வெள்ளி ரசீது

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் தீபாவளிச் சேலை எடுத்துவிட்டு வாடகைக் காரில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன் என்றேன். ஓட்டிய தமிழ்ப் பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. "அந்தத் துன் சம்பந்தன் யாருக்கா?" என்று கேட்டான். நல்ல நெரிசல். சொல்ல நேரம் இருந்தது.

அவர் அப்பா வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்தவர். சுங்கை சிப்புட்டில் ரப்பர் போட்டு, தோட்ட முதலாளியாக உயர்ந்தார். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1955இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் (மஇகா) தலைவரானார். 18 ஆண்டு அந்தப் பொறுப்பு; ஏறக்குறைய அதே காலம் அமைச்சர் பதவி.

சொத்தும் பதவியும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் செசில் குடும்பம் என்று ஒன்று உண்டு. முதலாம் எலிசபெத் அரசிக்கு மந்திரியாயிருந்தவர் வில்லியம் செசில். அந்த வம்சத்துச் சாலிஸ்பரி பிரபு மூன்று முறை பிரதமர். 1902இல் அவர் இறங்கியதும் நாற்காலி அக்காள் மகன் பால்ஃபருக்குப் போனது. பதவி நிலத்தைக் காத்தது, நிலம் பதவியைக் காத்தது. அவர்களின் ஹாட்பீல்ட் மாளிகை இன்றும் அந்தக் குடும்பத்திடமே.

சம்பந்தன் வீட்டில் நடந்தது வேறு. அப்பா சேர்த்தது கட்சிக்கும் கல்விக்கும் கரைந்தது. சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலை சம்பந்தன் முயற்சியில் எழுந்தது. 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார்.

ஆனால் நான் அவரை நினைப்பது பள்ளிக்காகவோ பதவிக்காகவோ அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லே அன்று லயத்து வீடுகளில் அடுப்பை அணைத்தது. வேலை போனால் வீடும் போகும்; பிள்ளையின் பள்ளியும் கோயிலும் போகும். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அதற்குத்தான். பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்தாகக் கட்டலாம். அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் உங்கள் தோட்டத்தை நீங்களே வாங்குங்கள் என்றார். முதலில் வாங்கியது கெடாவில், புக்கிட் சீடிம் தோட்டம்.

என் பாட்டி வெட்டுக்குப் போனவர். பத்து வெள்ளி அவருக்குப் பல நாள் கூலி. ஒரு மாதம் கட்ட முடியாமல் மூக்குத்தியை அடகு வைத்தார். ரசீதுகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்; வேறு எந்தக் காகிதத்துக்கும் அந்த இடம் கிடைத்ததில்லை.

1979 மே 18இல் சம்பந்தன் மறைந்தார். பிறகு சங்கத்தின் தலைமையை ஏற்றவர் அவர் மனைவி தோ புவான் உமா சம்பந்தன். கணவர் விட்டுப்போனதில் அவர் கையில் எடுத்தது தொழிலாளர் பணத்தைக் காக்கும் இந்த வேலையைத்தான். நம் அரசியல் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

இறங்கும்போது பையன் கேட்டான்: "உங்க பாட்டியோட பங்கு இன்னும் இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. அம்மா பேருக்கு மாத்திட்டோம்."

"எங்க பாட்டியும் தோட்டத்துலதான் இருந்தாங்க. வீட்டுக்குப் போய்க் கேக்கணும்" என்றான்.