கொதிக்கவைத்தால் போதுமா?

‘அப்புவும் ஆச்சியும் குடித்த கிணறுதானே, கொதிக்கவைத்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது’ என்கிறார்கள். அவர்கள் காலத்தில் துலாவால் இறைத்தார்கள். தோட்டத்துக்கு எருவும் குழையும் போயின. இன்று வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியா கொட்டுகிறோம். கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி. கீழே இருப்பதோ வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஊற்றிய எதையும் அது வடிகட்டி வைத்திருக்காது.

கொதித்தால் கிருமி சாகும், உண்மை. ஆனால் யூரியாவிலும் மலக்குழியிலும் இருந்து வரும் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆக, மிஞ்சியதில் அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ் குடாநாட்டின் தோட்டப்பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனை இழக்கலாம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. ‘எங்கட கிணறு நல்ல தண்ணி’ என்று நாக்கை நம்பிச் சொல்வது எப்படிச் செல்லும்?

சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது, சனம் கிளர்ந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. நைத்திரேற்றுக்கு யார்மேல் வழக்குப் போடுவது? ஊற்றுவதும் குடிப்பதும் நாங்களேதான். கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரராவது முதலில் ஒரு போத்தல் நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும்.