யாருடைய இரத்தப்பழி?

கூரையிலிருந்து விழுந்து இறந்த தொழிலாளியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு கூற்றுகள் தவறாமல் என் காதில் விழுகின்றன. ஒன்று, “கடவுளின் சித்தம், அவன் காலம் முடிந்துவிட்டது.” மற்றொன்று, “கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.” முன்னது பழியை இறைவன்மேல் சுமத்துகிறது, பின்னது இறந்தவன்மேலேயே சுமத்துகிறது. வேலை கொடுத்தவரோ பழியேதுமின்றி வீடு திரும்புகிறார்.

விவிலியம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார். கேட்டு நின்றவர்களையே மனம் மாற அழைத்தார் (லூக்கா 13). இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாவிடில், அங்கிருந்து விழுபவனுடைய இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும். விழுந்தவன் கவனமாக நடந்தானா என்று அச்சட்டம் விசாரிக்கவில்லை, வீட்டுக்காரனையே விசாரிக்கிறது.

கவனத்தைப் பற்றிப் பேசுவோர் ஒருமுறை அந்தக் கூரையைப் பார்க்கட்டும். பல ஆண்டு வெயிலும் மழையும் கண்ட ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் விரிசலைத் தூசியும் பாசியும் மறைத்திருக்கும். தாங்கு சட்டங்களுக்கு இடையே ஓர் அடி வைத்தால் போதும், சட்டென உடையும். அங்கே உயிர் காப்பவை சட்டங்களின் குறுக்கே கிடத்திய பலகை, உறுதியான இடத்தில் கட்டிய கயிறும் பெல்ட்டும், கீழே விரித்த வலை. கட்டடத் தொழிலாளருக்கென நாடாளுமன்றம் 1996-இல் இயற்றிய சட்டமும், 1998-இல் வந்த அதன் விதிகளும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. கூலியாள் ஓட்டின்மேல் இருந்தான்.

“அவர்களே பெல்ட் அணிய மறுக்கிறார்களே” என்பீர்கள். சதுர அடிக்குக் கூலி பேசப்பட்டவனுக்குக் கயிறு கட்டும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு. அந்தக் கணக்கைப் போட்டவர் யார்? உடல்நலத்துக்கு ஊறு விளைக்காத பணிச்சூழல் உழைப்பாளியின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றிய 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். உரிமை என்றார், சலுகை என்னவில்லை.

பிறரை மட்டும் சாட எனக்குத் தகுதியில்லை. எம் பங்கு மன்றக் கூரையை மாற்றியபோது, வந்த மதிப்பீடுகளில் மிகக் குறைந்ததையே நான் ஒப்புக்கொண்டேன். அதில் பலகையும் இல்லை, கயிறும் இல்லை, நானும் கேட்கவில்லை. யாரும் விழவில்லை. அது என் புண்ணியமன்று.

ஆகவே, பங்குப் பேரவைகளையும், வீடு கட்டும் இறைமக்களையும் வேண்டுகிறேன்: பலகைக்கும் கயிற்றுக்கும் வலைக்கும் உரிய செலவை ஒப்பந்தத்தில் தனியாக எழுதுங்கள், அதில் பேரம் பேசாதீர்கள். அவை அமைந்திருப்பதைக் கண்ணால் கண்ட பின்னரே ஆளை மேலே ஏற்றுங்கள். இனி, புதுக் கட்டடத்தை அர்ச்சிக்க என்னை அழைப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: கூரை வேய்ந்தவனுக்குக் கயிறு கட்டினீர்களா?