சுங்கானுக்கு உறை உண்டு, வாய்க்கு?

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் ஆங்கிலத் துரைமாரின் அடையாளங்களில் சுங்கானும் ஒன்று. பழஞ்சுங்கான்களைச் சேர்ப்போர் இன்றும் கேட்கும் கேள்வி: வாய்முனையில் பற்தடம் விழாமல் காப்பது எப்படி?

விடை எளிது. மெல்லிய இரப்பர் உறையை முனையில் மாட்டினால், கடி உறையிலேயே பதியும், தேய்ந்ததும் மாற்றிவிடலாம். எபோனைற் முனையாயின், விழுந்துவிட்ட ஆழமற்ற தடம்கூட இளஞ்சூட்டில் பெரும்பாலும் மேலெழும். எபோனைற் என்பது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இரப்பரே. ஊவாவின் மொனராகலையிலும் இரப்பர் விளைகிறது.

பல்லிடமிருந்து குழாயைக் காக்க இத்தனை வழிகள். புகையிலையிடமிருந்து வாயைக் காக்க?

மலையில் கொழுந்து பறித்தோர் குளிரையும் களைப்பையும் மறக்க வெற்றிலையோடு புகையிலையும் மென்றனர். அப்பழக்கம் இன்றும் நீங்கவில்லை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி கூறுகிறது.

வாயில் ஆறாத புண்ணையோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலத்தையோ தொடக்கத்திலேயே கண்டால் உயிரைக் காக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பெரும் இயந்திரம் தேவையில்லை. வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் ஆண்டுக்கொரு முறையேனும் வாய்ப் பரிசோதனை நடைபெற வேண்டும் என்பேன். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் முன்வைக்கட்டும்.

சுங்கானின் முனை பழுதானால் வேறொன்றைப் பொருத்தலாம். தொழிலாளியின் வாய்க்கு மாற்று இல்லை.