"முடிந்தது" என்று எப்போது சொல்லலாம்?

விழுப்புரம் ஜங்ஷனைத் தெரியாதவர் உண்டா? சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. இத்தனை ரெயில்களும் எதை நம்பி ஓடுகின்றன? எஞ்சினையா? சிக்னலையா? இரண்டும் வேண்டும். அவற்றோடு, ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சொல்லும் சொல்லும் வேண்டும்.

எஞ்சின் ஓட்டுகிறவரும் அவருடைய உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லுவார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லுவார். இருவருக்கும்தான் கண் இருக்கிறதே, இது எதற்கு? இருவரும் பார்த்தது ஒன்றுதானா என்று தெரிந்துகொள்ளத்தான்!

ரெயில்வே கேட்டில் இன்னொரு ஏற்பாடு உண்டு. "ரெயில் வருகிறது, கேட்டை மூடு" என்று ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் சொல்லுவார். கேட் கீப்பர் மூடுவார். மூடிய பிறகு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லுவார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொள்வார். அந்த எண்ணுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: "மூடிவிட்டேன்." "மூடப்போகிறேன்" என்று அர்த்தம் அல்ல.

2025 ஜூலை 8. காலை நேரம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போன பாசஞ்சர் ரெயில், கடலூர் அருகே செம்மங்குப்பம் கேட்டில் ஒரு பள்ளி வேன் மீது மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் கேட் சிக்னலோடு இணைக்கப்படாதது. அதாவது, கேட் திறந்து கிடந்தாலும் சிக்னல் விழும். மூடாத கேட்டை மூடியதாகச் சொல்லி எண் கொடுக்கப்பட்டது என்று விசாரணையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன. கேட்டுகளில் எண் சொல்லும் முறையையும், பேச்சுப் பதிவையும் தினமும் சரிபார்க்கும்படி ரெயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். சொல்லுக்கே காவல் போடவேண்டியதாகிவிட்டது.

நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்புகிறோம்? "எடுப்பாகப் பேசு, இங்கிலீஷில் பேசு" என்கிறோம். அதற்குப் பணம் கட்டி வகுப்புக்கும் அனுப்புகிறோம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வேலை செய்யும் இடத்தில் ஒருவனுக்கு மதிப்பு வருவது "முடிந்தது" என்கிற சின்னச் சொல்லால்தான் என்பது என் கருத்து.

திண்டிவனத்தில் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த பையன். விழுப்புரத்துக்கு 40 மூட்டை போகவேண்டும்.

"ஏற்றியாச்சா தம்பி?" என்று முதலாளி கேட்கிறார்.

"ஆச்சுங்க ஐயா" என்கிறான் பையன். ஏறியது 25 மூட்டைதான். அவன் கெட்டவன் அல்ல. ஐயா வந்து பார்ப்பதற்குள் ஏற்றிவிடலாம் என்று எண்ணுகிறான், அவ்வளவுதான். அதற்குள் முதலாளி விழுப்புரத்துக்குப் போன் செய்துவிட்டார். விழுப்புரம் வியாபாரி தன் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். மூட்டை ஏறுமுன் பொய் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது!

"25 ஏறிடுச்சுங்க. பாக்கி 15. ஒரு மணிக்குள் ஆயிடும்" என்று அவன் சொல்லியிருக்கலாம். இதற்கு இங்கிலீஷ் எதற்கு?

பையனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "இன்னும் ஆகவில்லை" என்று நிஜத்தைச் சொன்னவுடன் எரிந்து விழும் முதலாளிகளும் மானேஜர்களும் எத்தனை பேர்! இன்றைக்குத் திட்டு வாங்கியவன் நாளைக்கு என்ன சொல்லுவான்? "ஆச்சுங்க" என்றுதான். அந்தப் பொய்யில் பாதி, திட்டியவருடையது.

வீட்டிலும் இதே கதைதான். "பாடம் எழுதியாச்சா?" என்று கேட்டால், "பாதிதாம்மா எழுதியிருக்கேன்" என்று குழந்தை சொல்லுகிறது. அப்போது அம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறது.