ஏட்டுப் பூவும் வீட்டுப் பூவும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்துரைக்கும் 99 மலர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர் நம்மிடையே உளர். அவற்றுள் பத்துப் பூக்களையேனும் நேரில் கண்டு இனங்காட்ட வல்லார் எத்துணைப் பேர்? மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. வகுப்பில் ஒருநாள், “தளவம் என்பது எந்தப் பூ, ஐயா?” என்று மாணவி ஒருவர் வினவினார். “செம்முல்லை” என்று உரைகாரர் கூறியதையே யானும் கூறினேன். “அதை எங்கே பார்க்கலாம்?” என்ற அடுத்த வினாவிற்கு விடையின்றி நின்றேன். கண்ணால் காணாத பூவின் பெயர் நமக்கு வெற்றொலியே அன்றோ?

இக்குறை நீங்க, புதுப்பூக்களைக் கொண்டு வீட்டிலேயே படம் அச்சிடும் கலை பெரிதும் துணைசெய்யும் என்பது என் கருத்து. இதற்கு மிகுந்த பொருட்செலவு வேண்டுவதில்லை. படிகாரம் கரைத்த நீரில் வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். பூவின் தடித்த அடிப்பகுதியை நீக்கி, இதழ்களைத் துணியின்மேல் விரித்து, மெல்லிய தாளால் மூடி, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் இதழின் சாறு துணியில் இறங்கி வடிவும் வண்ணமும் பதியும். இலையாயின், நரம்பு புடைத்த அடிப்புறத்தில் அச்சுமையை மெல்லியதாகத் தடவித் தாளில் அழுத்தினாலே போதும். இம்முறை நம் மண்ணுக்குப் புதியதன்று. பதப்படுத்தாத செடிகளிலிருந்து அச்சிட்ட மாதிரிகளை ஹென்றி ஸ்மித் என்பார் 1857ஆம் ஆண்டிலேயே சென்னையில் நூலாக வெளியிட்டார்.

“கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் தீராதோ?” எனச் சிலர் வினவலாம். படம் எடுப்பவர்க்கு ஒரு நொடி போதும். அச்சிடுபவரோ இதழ்களை எண்ண வேண்டும்; காம்பையும் மகரந்தத்தையும் பிரித்தறிய வேண்டும்; நரம்போட்டத்தை நோக்க வேண்டும். அங்ஙனம் கையாண்ட பூவை மனம் மறவாது. சங்குப்பூவின் நீலம் வெயில் பட்டால் வெளிறும் என்பது உண்மையே. ஆயினும் பெற்ற அறிவு வெளிறாது. மெக்சிகோ நாட்டுப் பூவொன்று நம்மிடையே ‘துலுக்கச் சாமந்தி’ எனப் பெயர் பெற்றது ஏன் என்று அச்சிடும் மாணவர் வினவுவாராயின், சொல்லாராய்ச்சி அங்கேயே தொடங்கிவிடும்.

மனிதர், விலங்குகளின் உருவங்களைச் சுவரில் மாட்டாத வழக்கமுடைய நம் இல்லங்கள் பலவற்றிற்கு இக்கலை மிகவும் ஏற்றதாகும். காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் பழைய கல்பள்ளிகளில் பூவும் கொடியும் செதுக்குவித்த முன்னோரின் வழியினர் அல்லமோ நாம்?

எனவே, தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்திற்குப் பத்துப் பூக்களை அச்சிட்டு, இலக்கியப் பெயரையும் தம் ஊர் வழக்குப் பெயரையும் அடியில் எழுதித் தருதல் வேண்டும். கிளையை ஒடிக்க வேண்டா. ஒரு பூ போதும். பெயர் தெரியாவிடத்துப் பாட்டியைக் கேளுங்கள். நூலகத்தில் இல்லாத சொற்கள் அவரிடம் உள. அவர் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துகொள்வோமாக!